பெருக்கல் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? புளியங்கொட்டையில் தொடங்குங்கள்

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 23 × 14 போட்டு முடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினான். விடை 115 என்று எழுதியிருந்தான். 23-ஐ 4-ஆல் பெருக்கி 92. சரி. அடுத்து 23-ஐ 1-ஆல் பெருக்கி 23. அதுவும் வாய்ப்பாட்டின்படி சரி. இரண்டையும் கூட்டினால் 115. கூட்டலிலும் பிசகு இல்லை.

"ஒரு பேனா 23 ரூபாய். பத்து பேனா வாங்கினா எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

"இருநூத்தி முப்பது" என்றான், யோசிக்கவே இல்லை.

"அப்போ பதினாலு பேனா?"

நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அக்கா, குடுங்க" என்று நோட்டை வாங்கிக்கொண்டு ரப்பரைத் தேடினான்.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் விட்ட பாடத்தை மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுகிற வேலை. அன்றிலிருந்து இதே மாதிரி நோட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். 14-இல் இருக்கும் 1 உண்மையில் பத்து என்பது அந்தப் பையனுக்குப் பேனாக் கடையில் தெரிந்தது, நோட்டில் தெரியவில்லை. பெருக்கலைக் கற்பிப்பதில் பெரிய வேலை இந்த இரண்டையும் இணைப்பதுதான் என்று நான் நம்புகிறேன். உங்கள் பிள்ளைக்கோ, தங்கை தம்பிக்கோ, தெருப் பிள்ளைகளுக்கோ முதல்முறையாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் எனக்குப் பலன் தந்த வரிசை இது.

தொடங்கும் முன்

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாலு கை புளியங்கொட்டை, விரல் நீளத்துக்கு ஒடித்த ஈர்க்குச்சி நூற்றைம்பது, கொஞ்சம் ரப்பர் பேண்ட், ஒரு காலி முட்டை அட்டை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். கட்டும் வேலையைப் பிள்ளையிடமே கொடுப்பது இன்னும் நல்லது. அதிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும்.

இப்போது ஒரு சோதனை. "முப்பத்து நாலு குச்சி எடு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையை மட்டும் கவனியுங்கள். மூன்று கட்டையும் நாலு உதிரியையும் எடுத்தால் பிள்ளை தயார். கட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் பெருக்கலை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் முழுக்கக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே போகட்டும். பத்துகளும் ஒன்றுகளும் பிடிபடாத பிள்ளையிடம் பெருக்கலைத் திணித்தால் இரண்டு பேருக்கும் வீண் கஷ்டம்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. இருபத்து மூன்று என்ற பெயரிலேயே இரு பத்து, ஒரு மூன்று என்று பிரித்துச் சொல்லியாகிவிட்டது. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை 'ட்வெண்டி த்ரீ' என்றுதான் சொல்லும். அதை ஒருமுறை தமிழிலும் சொல்லச் சொல்லுங்கள், கை தானாக இரண்டு கட்டை எடுக்கும். தொண்ணூறு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதில் நூறு என்று காதில் விழுவதால் சின்னப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஒன்பது கட்டை எடுத்துக் காட்டி அங்கேயே தீர்த்துவிடுங்கள்.

படி 1: கூறு கட்டுவது

சந்தையில் தக்காளியையும் கத்திரிக்காயையும் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்க்காத பிள்ளை குறைவு. பெருக்கலுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. புளியங்கொட்டையைக் கொட்டி, "கூறுக்கு மூணு வச்சு நாலு கூறு கட்டு" என்று சொல்லுங்கள். கட்டியதும் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். முதலில் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் 3, 6, 9, 12 என்று தாவ ஆரம்பிப்பார்கள். அந்தத் தாவல் வந்த பிறகு 3 + 3 + 3 + 3 என்று எழுதிக் காட்டுங்கள். அடுத்து, "இதையே சுருக்கி எழுதலாமா?" என்று கேட்டு 4 × 3 என்று எழுதுங்கள். நாலு கூறு, கூறுக்கு மூன்று.

வேண்டுமென்றே ஒரு கூறில் இரண்டு மட்டும் வைத்துவிட்டு, "இதையும் பெருக்கலா எழுதலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அக்கா, அதுல ஒண்ணு குறையுது" என்று பிள்ளை சண்டைக்கு வர வேண்டும். கூறுகள் எல்லாம் சமமாக இருந்தால்தான் பெருக்கல் என்பது அந்தச் சண்டையில் மனதில் பதிந்துவிடும்.

பூஜ்ஜியத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஐந்து தட்டு வையுங்கள், ஒன்றிலும் வடை இல்லை. மொத்தம் எத்தனை வடை? இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதைத் தாண்டாமல் போன பிள்ளைகள்தான் பின்னால் 5 × 0 = 5 என்று எழுதுகிறார்கள்.

படி 2: முட்டை அட்டை

கடையில் கொடுக்கும் 30 முட்டை அட்டையை எடுங்கள். ஒரு பக்கம் 6 குழி, இன்னொரு பக்கம் 5. பிள்ளையின் முன்னால் வைத்து, "வரிசைக்கு ஆறு, அஞ்சு வரிசை. எத்தனை?" என்று கேளுங்கள். அப்புறம் அட்டையைத் திருப்பி வைத்து, "இப்போ வரிசைக்கு அஞ்சு, ஆறு வரிசை. எத்தனை?" திரும்பவும் எண்ணப் போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். எண்ணி முடித்து, குழி ஒன்றுகூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று தானே கண்டுபிடிக்கட்டும். 5 × 6-உம் 6 × 5-உம் ஒன்றே என்பதை நீங்கள் சொன்னால் நாளைக்கு மறந்துவிடும்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தால் இப்படி நிறைய இருக்கும்: மாத்திரை அட்டை, பல்லாங்குழிப் பலகை, ஜன்னல் கம்பிக் கட்டம், நேர்ப்புள்ளிக் கோலம். ஊடுபுள்ளிக் கோலம் வேண்டாம். அதில் வரிசைக்கு வரிசை புள்ளி குறைந்துகொண்டே போகும்.

படி 3: வாய்ப்பாடு

மனப்பாடம் கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 7 × 8 என்றதும் 56 வராத பிள்ளை பெரிய கணக்கில் வழியிலேயே களைத்துப்போகும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி வைத்து முழு எண்ணோடு மாகாணி, முந்திரி என்ற பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஒப்பித்த ஊர் நம்முடையது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. வாய்விட்டுச் சொல்லிப் படிப்பதை விட்டுவிடக் கூடாது. எப்போது தொடங்குவது, எந்த வரிசையில் தொடங்குவது என்பதில்தான் நாம் தவறுகிறோம். கூறும் முட்டை அட்டையும் பழகிய பிறகு தொடங்குங்கள். 2, 3, 4 என்று நேர்வரிசையில் போகாதீர்கள்.

1 முதல் 10 வரை வாய்ப்பாட்டில் மொத்தம் 100 வரி. அதைப் பார்த்தாலே பிள்ளைக்கு மலைப்பாக இருக்கும். முட்டை அட்டையைத் திருப்பத் தெரிந்த பிள்ளைக்கு அது 55 ஆகச் சுருங்கிவிடும். 1-ஆம் வாய்ப்பாடும் 10-ஆம் வாய்ப்பாடும் படிக்காமலே வரும், மீதி 36. இனி இந்த வரிசையில் போங்கள்.

முதலில் 2. இரட்டிப்பது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். மீதி 28.

அடுத்து 5. கை விரல், கடிகாரம், ஐந்து ரூபாய்க் காசு என்று எங்கும் இருக்கிறது. மீதி 21.

அப்புறம் 4. இரண்டாம் வாய்ப்பாட்டை இன்னொரு முறை இரட்டித்தால் முடிந்தது. 4 × 7 வேண்டுமா? 2 × 7 என்பது 14, அதை இரட்டித்தால் 28. மீதி 15.

பிறகு 9. பத்து மடங்கில் ஒரு பங்கைக் கழிப்பது. 9 × 7 என்பது 70-இல் 7 போக 63. விரலிலும் பார்க்கலாம்: பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, 9 × 4 என்றால் இடப்பக்கமிருந்து நாலாவது விரலை மடக்க வேண்டும். மடக்கிய விரலுக்கு முன்னால் 3, பின்னால் 6. விடை 36. மீதி 10.

அடுத்து 3. இதைத் தாவித் தாவிச் சொல்லிப் பழகினாலே போதும். மீதி ஆறே ஆறு:

6 × 6 = 36
6 × 7 = 42
6 × 8 = 48
7 × 7 = 49
7 × 8 = 56
8 × 8 = 64

இந்த ஆறையும் ஒரு துண்டு அட்டையில் எழுதிச் சாப்பிடும் இடத்துக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். "நூறு வரியில இது ஆறுதான் பாக்கி" என்று சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையாகவே பாரம் இறங்கியது மாதிரி இருக்கும். 7 × 8-க்கு 5, 6, 7, 8 என்ற வரிசையே ஞாபகக் குறி: 56 = 7 × 8.

அவசரத்துக்கு ஒரு கைமுறையும் உண்டு. 7 × 8 வேண்டுமானால், ஒரு கையில் ஐந்துக்கு மேல் எத்தனையோ அத்தனை விரல் நீட்ட வேண்டும், அதாவது 2. மற்ற கையில் 3. நீட்டிய விரல்கள் மொத்தம் 5, அது ஐம்பது. மடங்கியவை ஒரு கையில் 3, இன்னொன்றில் 2, அவற்றைப் பெருக்கினால் 6. ஐம்பத்தாறு. 6 முதல் 10 வரையுள்ள எண்களுக்கு இது வேலை செய்யும்.

ஒப்பிக்கும்போது பழைய தமிழ் ஓசையை விடாதீர்கள். ஓரைந்து ஐந்து, ஈரைந்து பத்து, மூவைந்து பதினைந்து, நாலைந்து இருபது, ஐயைந்து இருபத்தைந்து. ஈர், மூ, ஐ என்று எண்கள் குறுகிச் சேர்வதாலேயே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஈரேழு பதினாலு லோகம், ஐயிரண்டு திங்கள் என்றெல்லாம் நம் பேச்சிலேயே வாய்ப்பாடு இருக்கிறது. கலைகள் அறுபத்து நான்கையும் பழந்தமிழில் எண்ணெண் கலை என்பார்கள். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி, "அப்போ எட்டெட்டு அறுபத்து நாலு அந்தக் காலத்துலயே தெரியுமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்த ஒரு வரி அவளுக்கு மறக்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. தமிழில் 'மூவிரண்டு ஆறு' என்று முதலில் வரும் எண் மாறிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் 'டூ த்ரீஸ் ஆர் சிக்ஸ்' என்று இரண்டாவது எண் மாறும். இரண்டையும் ஒரே வாரத்தில் கலந்தால் பிள்ளை திணறும். பள்ளியில் எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஈரிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால்

நேராக எழுத்துக்குப் போகாமல் பஸ்ஸில் தொடங்குங்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர் சீட், அந்தப் பக்கம் மூன்று பேர் சீட், எட்டு வரிசை. இந்தப் பக்கம் 16 பேர், அந்தப் பக்கம் 24 பேர், மொத்தம் 40. வரிசைக்கு 5 என்று வைத்து 8 × 5 போட்டாலும் 40. பெரிய எண்ணைப் பிரித்துப் பெருக்கி, கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்பது பிள்ளைக்குப் புரிய இது போதும். இனி வருவதெல்லாம் இதே பஸ்தான்.

இப்போது 23 × 4. இரண்டு கட்டும் மூன்று உதிரியுமாக நாலு கூறு வையுங்கள். கட்டுகளை ஒரு பக்கமும் உதிரிகளை இன்னொரு பக்கமும் ஒதுக்கச் சொல்லுங்கள். 8 கட்டு, 12 உதிரி. "உதிரி பத்துக்கு மேல போயிடுச்சே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ரப்பர் பேண்டைப் பிள்ளையே எடுக்கும். பத்தைக் கட்டியதும் 9 கட்டு, 2 உதிரி. தொண்ணூற்று இரண்டு.

இதைச் செய்து முடித்த கையோடு பக்கத்திலேயே நோட்டில் எழுதுங்கள். மூநாலு பன்னிரண்டு, 2-ஐக் கீழே போட்டு 1-ஐ மேலே வைக்கிறோம். அந்த 1-ஐத் தொட்டுக்காட்டி, "இது எந்தக் கட்டு?" என்று கேளுங்கள். இப்போது ரப்பர் போட்டாயே, அந்தக் கட்டு. மேலே வைக்கும் 1 என்பது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிடாமல் இருக்க, இந்த ஒரு கேள்வியைப் பல நாள் கேட்க வேண்டியிருக்கும். சலிக்காமல் கேளுங்கள்.

படி 5: பத்தால் பெருக்குவது

இதைத் தாண்டிக் குதித்துவிடுகிற வீடுகள் அதிகம். 23 குச்சியில் ஒவ்வொன்றும் கட்டாக மாறினால் 23 கட்டு, அதாவது 230. இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்பக்கம் நகர்கின்றன, காலியான ஒன்றின் இடத்தில் பூஜ்ஜியம் உட்காருகிறது. 'பூஜ்ஜியம் சேர்த்துக்கோ' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பின்னால் தசம எண் வரும்போது 2.5 × 10 = 2.50 என்று எழுதுவார்கள். 30 × 40 மாதிரிக் கணக்குக்கு மூன்று பத்து, நாலு பத்து, பத்துப் பத்து நூறு, ஆகப் பன்னிரண்டு நூறு, 1200 என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

படி 6: ஈரிலக்க எண்ணை ஈரிலக்க எண்ணால்

முதல் கணக்கில் பையன் தடுமாறிய இடம் இதுதான். குச்சியை வைத்துக் காட்ட இங்கே எண்ணிக்கை கூடுதல். அதனால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 23-ஐ 20, 3 என்றும் 14-ஐ 10, 4 என்றும் பிரித்து நாலு அறை உள்ள ஒரு வீடு வரையச் சொல்லுங்கள்.

20 × 10 = 200
20 × 4 = 80
3 × 10 = 30
3 × 4 = 12

நாலையும் கூட்டினால் 322. பெரிய பூதம் என்று நினைத்தது நாலு சின்னக் கணக்காகப் பிரிந்துவிட்டது. குறைந்தது இரண்டு வாரம் இந்தக் கட்டத்திலேயே இருங்கள். பள்ளியில் வேறு முறையில் போடச் சொல்கிறார்களே என்று பதற வேண்டாம். கட்டத்தில் கை திரும்பிய பிள்ளைக்கு நெடுக்குக் கணக்கு இரண்டு நாளில் வந்துவிடும்.

நெடுக்காக எழுதும்போது முதல் வரியில் 23 × 4 = 92. இரண்டாம் வரிக்குப் போகும்போது, பிள்ளை வாயால் 'ஒன்று' என்று சொல்லவே கூடாது, 'பத்து' என்றுதான் சொல்ல வேண்டும். 23 பத்து, 230. சில இடங்களில் ஒன்றின் இடத்தில் பெருக்கல் குறியோ கோடோ போட்டுவிட்டு நகர்த்தி எழுதுவார்கள். நான் அங்கே பூஜ்ஜியமே போடச் சொல்கிறேன். 230 என்று முழுசாகத் தெரிந்தால் அது பத்து மடங்கு என்பது கண்ணிலேயே நிற்கும். 92-உம் 230-உம் சேர்ந்தால் 322.

பென்சிலைத் தொடும் முன் ஒரு மதிப்பீடு சொல்லும் பழக்கத்தையும் உண்டாக்குங்கள். 47 × 36 என்றால் 40 × 30 = 1200-ஐ விடக் கூட, 50 × 40 = 2000-ஐ விடக் குறைவு. கடைசியில் 282, 1410 கூட்டி 1692 வந்தால் சரியாக இடையில் விழுகிறது. 423 என்று வந்தால் பிள்ளையே "எங்கயோ தப்பு" என்று சொல்லும். நீங்கள் சிவப்பு மை எடுக்க வேண்டியதில்லை.

தப்பைப் படிப்பது

தப்பான விடையை அடிக்கும் முன் அது எப்படி வந்தது என்று பாருங்கள். 27 × 3 = 621 என்றால் 21-ஐ அப்படியே எழுதிவிட்டு 6-ஐ முன்னால் ஒட்டியிருக்கிறது பிள்ளை. கட்டு கட்டும் வேலை இன்னும் பழகவில்லை, குச்சிக்குத் திரும்புங்கள். 27 × 3 = 121 என்றால் மேலே வைத்த 2-ஐ முதலில் கூட்டி, பிறகு பெருக்கியிருக்கிறது. இது வேறு நோய். "இந்த ரெண்டு கட்டும் ஏற்கெனவே பெருக்கி வந்தது, திரும்ப எதுக்குப் பெருக்கணும்?" என்று கேட்டால் புரியும். விடை 84 மாதிரி கொஞ்சம் தள்ளி இருந்தால் வாய்ப்பாட்டுப் பிசகு, மூன்றாம் வாய்ப்பாட்டை இன்னொரு முறை தாவிச் சொல்லச் சொன்னால் போதும். மூன்று தப்புக்கும் 'இன்னும் பத்துக் கணக்கு போடு' என்ற ஒரே மருந்தைக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். நான் சின்ன வயதில் அந்த மருந்தைத்தான் குடித்தேன். எங்கே தப்பு என்று தெரியாமலே நாலாம் வகுப்பு முழுக்க அதே தப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஐந்து கணக்கு. இதற்கு மேல் போனால் கை போடும், மனம் போடாது. ஐந்தில் ஒன்று பிள்ளையே உண்டாக்கிய கதைக் கணக்காக இருக்கட்டும். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி போன மாதம் சொன்ன கணக்கு: "ஒரு முழம் மல்லி முப்பத்தஞ்சு ரூபா. எங்கம்மா பன்னெண்டு முழம் வித்தாங்க." மற்றவர்கள் கட்டம் வரைந்துகொண்டிருக்கும்போதே அவள் கையில் பென்சில்கூட இல்லாமல் சொன்னாள்: "பத்து முழம் முந்நூத்தி அம்பது, ரெண்டு முழம் எழுபது. நானூத்தி இருபது அக்கா."